மனைவிக்கு வேலை இல்லை: கனடா குடியுரிமைக்கு முன் அவர் பெயரிலும் வரித் தாக்கல் வேண்டுமா?

ஒரு கணவர் அனுப்பிய கேள்வி இதுதான். கணவனும் மனைவியும் 2022 செப்டம்பர் 1-ஆம் தேதி பிஆர் (நிரந்தரவாசி) ஆக டொரொன்டோவில் வந்து இறங்கினார்கள். கணவர் வேலைக்குப் போகிறார், வருடம் தவறாமல் டாக்ஸ் ஃபைல் செய்கிறார், அதில் மனைவியின் வருமானம் என்ற இடத்தில் பூஜ்யம் போடுகிறார். மனைவி வேலைக்குப் போகவில்லை. சின் நம்பர் (சமூகக் காப்பீட்டு எண்) எடுத்ததோடு சரி, அவர் பெயரில் இதுவரை ஒரு தாக்கலும் இல்லை. ஒரு குழந்தை இருக்கிறது. குடியுரிமை கேட்கக் கனடாவில் இருந்திருக்க வேண்டிய 1,095 நாள் இருவருக்கும் தாண்டிவிட்டது. ‘மூன்று வருட டாக்ஸ் இல்லாவிட்டால் சிட்டிசன்ஷிப் கிடைக்காது’ என்று தெரிந்தவர்கள் பயமுறுத்துகிறார்கள். மனைவியின் விண்ணப்பம் தடைபடுமா?

ஃபைல் செய்யவில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தடைபடாது. ஆனால் ‘வேலை இல்லை, அதனால் கடமையும் இல்லை’ என்று நீங்களே முடிவு கட்டிவிட வேண்டாம். சில விஷயங்களைச் சரிபார்த்து, விட்டுப்போன வருடங்களையும் தாக்கல் செய்துவிட்டு, அப்புறம் குடியுரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அது ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் சட்டம். விண்ணப்பத் தேதிக்கு முந்தைய ஐந்து ஆண்டுக்குள் முழுதாகவோ பகுதியாகவோ வரும் வரி ஆண்டுகளில், மூன்று ஆண்டுகளுக்கு, வருமான வரிச் சட்டப்படி தாக்கல் செய்ய வேண்டிய கடமை ஏதாவது இருந்தால் அதை நிறைவேற்றியிருக்க வேண்டும். குடியுரிமைச் சட்டம் கேட்பது அவ்வளவுதான். ‘மூன்று ரிட்டர்ன் கொண்டு வா’ என்று அது சொல்லவில்லை. ஒரு வருடம் சட்டப்படி தாக்கல் செய்யத் தேவையே இல்லையென்றால் அந்த வருடத்துக்கான நிபந்தனையும் நிறைவேறியதாகவே கொள்ளப்படும். 2015-ல் கொண்டுவந்த விதி ஆறு வருடத்தில் நான்கு என்று இருந்தது. 2017 அக்டோபர் 11 முதல் ஐந்தில் மூன்று. உங்களைப் பயமுறுத்தியவர் அந்தப் பழைய காலத்தில் விண்ணப்பித்தவராகக்கூட இருக்கலாம்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் கணவன் மனைவி இருவருக்குமாக ஒரே ரிட்டர்ன் போடுவார்கள். அதைக் கேட்டுவிட்டு, ‘என் ஃபைலில் மனைவி பெயர், சின் நம்பர் எல்லாம் இருக்கிறதே, அவளுக்கும் சேர்த்துத்தானே போட்டேன்’ என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். கனடாவில் கூட்டுத் தாக்கல் என்பதே கிடையாது. ஒவ்வொருவருக்கும் தனி டி1 (தனிநபர் வருமான வரிப் படிவம்). உங்கள் ரிட்டர்னில் மனைவியைப் பற்றி எழுதியது உங்கள் கழிவைக் கணக்கிடக் கொடுத்த தகவல் மட்டுமே. குடியுரிமை விண்ணப்பமும் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. சேர்த்து அனுப்பலாம், ஆனால் அவருடைய பதிலை அவருடைய வரிப் பதிவோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வரித்துறையான சிஆர்ஏவிடமிருந்து விவரம் பெற, குடியேற்றத் துறையான ஐஆர்சிசிக்கு அந்தப் படிவத்திலேயே சம்மதம் கொடுக்கிறீர்கள்.

சரி, யாருக்குக் கடமை? வரி கட்ட வேண்டியிருந்தால் கடமை. சிஆர்ஏ கடிதம் போட்டுக் கேட்டிருந்தால் கடமை. நிலம், வீடு, பங்கு மாதிரி மூலதனச் சொத்து எதையாவது அந்த வருடம் விற்றிருந்தால், வரியே வராவிட்டாலும் கடமை. கனடா வொர்க்கர்ஸ் பெனிபிட் (குறைந்த வருமானத்தில் வேலை செய்வோருக்கான உதவித்தொகை) முன்பணம் வாங்கியிருந்தால், சுயதொழிலுக்காக சிபிபி (ஓய்வூதியத் திட்டச் சந்தா) கட்ட வேண்டியிருந்தால், இப்படி இன்னும் சில உண்டு. இந்தப் பட்டியலில் எங்கேயும் ‘வேலை பார்க்கிறாரா’ என்ற கேள்வி இல்லை என்பதைக் கவனியுங்கள். கேட்பது வருமானத்தையும் சொத்து விற்பனையையும். அதுவும் கனடாவுக்குள் வந்தது மட்டுமல்ல. வந்து குடியேறிய நாளிலிருந்து, உலகத்தில் எங்கிருந்து வந்த வருமானமும் கணக்கில் சேரும்.

நம் ஆட்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். வேலைக்குப் போகாத மனைவி என்கிறோம். ஆனால் கல்யாணத்துக்கு முன்பு சம்பாதித்ததை ஊரில் அவர் பெயரில் ஃபிக்ஸட் டெபாசிட் போட்டு வைத்திருப்பார். அப்பா கொடுத்த ஃபிளாட்டை வாடகைக்கு விட்டிருப்பார்கள், அந்த வாடகை அம்மாவின் கைக்குப் போகும், ஆனால் பத்திரம் இவர் பெயரில் இருக்கும். இவையெல்லாம் அவருடைய வருமானம். வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்கைச் சொல்லி, ‘என்ஆர்இ கணக்கு, வட்டிக்கு வரியே கிடையாது’ என்பார்கள். அது இந்தியாவில். கனடாவில் அந்த வட்டிக்கு எந்தச் சலுகையும் இல்லை, முழுசாகக் காட்ட வேண்டும். அவர்களுக்கே உள்ள இன்னொரு வகையான என்ஆர்ஓ கணக்கில் டிடிஎஸ் (வங்கியே பிடிக்கும் வரி) பிடித்திருந்தால் அதற்கு இங்கே வெளிநாட்டு வரிக் கழிவு கேட்கலாம். ஆனால் வட்டிக்கு இரு நாட்டு ஒப்பந்தம் அனுமதிக்கும் 15 சதவீதம் வரைக்கும்தான். வங்கி அதற்கு மேல் பிடித்திருந்தால் மிச்சத்தை இந்தியாவில் ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டும்.

இன்னொன்று, நீங்கள் டொரொன்டோவில் சம்பாதித்து அனுப்பிய பணத்தை மனைவி பெயரில் டெபாசிட் போட்டிருந்தால், பெயர் யாருடையது என்று சிஆர்ஏ பார்க்காது. பணம் உங்களுடையது, ஆகவே வட்டியும் உங்கள் வருமானம். மனைவிக்கு வரி வராது என்பதற்காக அவர் பெயருக்கு மாற்றும் உத்தியை இங்கே எப்போதோ அடைத்துவிட்டார்கள். அவருடைய சொந்தப் பணம், அவர் பெற்றோர் அவருக்குக் கொடுத்த பணம் என்றால் மட்டுமே வட்டி அவர் கணக்கில் வரும்.

நிலம் விற்றதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் குடியுரிமைக் கேள்வியை நேரடியாகத் தொடுவது அதுதான். கணக்குக்காக, உங்கள் மனைவிக்கு அவர் அப்பா எழுதிக்கொடுத்த மனை ஒன்று தஞ்சாவூர்ப் பக்கம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வந்து இறங்கிய 2022 செப்டம்பரில் அதன் சந்தை மதிப்பு 50,000 டாலர். 2024-ல் 56,000 டாலருக்கு விற்றார்கள். அப்பா எந்தக் காலத்தில் என்ன விலைக்கு வாங்கினார் என்பது கனடாவுக்குப் பொருட்டில்லை. நீங்கள் குடியேறிய அன்று அன்றைய மதிப்புக்கு வாங்கியதாகவே இந்தச் சட்டம் எடுத்துக்கொள்ளும். எனவே லாபம் 6,000. அதில் பாதி, 3,000, வரிக்குரிய வருமானம். 2024-ல் ஒருவருக்கு அடிப்படைக் கழிவு 15,705 டாலர். ஆக அவருக்கு ஒரு காசு வரி கிடையாது. ஆனாலும் சொத்தை விற்றிருக்கிறார், எனவே 2024-க்குத் தாக்கல் செய்வது கடமை. இதைத் தாக்கல் செய்யாமல் குடியுரிமைப் படிவத்தில் ‘கடமை இல்லை’ என்று எழுதினால் அது தவறான பதில். வரி ஏய்ப்பு என்று யாரும் சொல்லப் போவதில்லை, ஆனால் கையெழுத்திட்டுக் கொடுத்த படிவத்தில் பொய்யான பதில் ஒன்று உட்கார்ந்துவிடும். இறங்கிய தேதியின் மதிப்புக்கு ஊரில் ஒரு மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் ஒரு தாள் வாங்கி வைப்பது நல்லது. விற்கிற காலத்தில் பழைய மதிப்பைத் தேடுவது பெரும்பாடு. யாழ்ப்பாணக் காணி என்றாலும் இதே கணக்குத்தான்.

அதே 3,000 டாலர் உங்கள் ரிட்டர்னையும் தொடுகிறது. மனைவியைப் பராமரிப்பதற்காக ரிட்டர்னில் 30300 என்ற எண்ணுள்ள கட்டத்தில் நீங்கள் எடுக்கும் கழிவு, அவருடைய நிகர வருமானம் எவ்வளவோ அவ்வளவு குறையும். நீங்கள் பூஜ்யம் போட்டு 15,705 முழுசாக எடுத்திருப்பீர்கள். எடுத்திருக்க வேண்டியது 12,705. கூட்டாட்சி வரி 15 சதவீதத்தில் 450 டாலர் குறைவாகக் கட்டியிருக்கிறீர்கள், மாகாண வரி தனி. வங்கி வட்டி 3,000 டாலர் வந்திருந்தாலும் இதே விளைவு. அவருக்கு வரி இல்லை, உங்களுக்கு உண்டு. மனைவியின் ரிட்டர்னைப் போடும் முன்பே உங்களுடையதைத் திருத்திவிடுங்கள். சிஆர்ஏ தளத்தில் உங்கள் பெயரிலுள்ள மை அக்கவுன்ட் என்ற இணையக் கணக்கில் பழைய ஆண்டைத் திறந்து மாற்ற வழி இருக்கிறது. இரண்டு பேருடைய எண்களும் ஒத்துப்போகாமல் இருந்தால் அவர்களாகவே கேட்டு எழுதுவார்கள், வட்டியும் ஓடிக்கொண்டிருக்கும்.

வெளிநாட்டுச் சொத்து ஒரு லட்சம் கனடிய டாலரைத் தாண்டினால் டி1135 என்ற இன்னொரு படிவம் உண்டு. இதில் வருமானத்தை விட்டுவிட்டுச் சொத்தின் விலையைப் பார்ப்பார்கள். உங்களுக்கு அது இறங்கிய நாளின் மதிப்பு. டெபாசிட், பங்கு, வாடகை வீடு, சும்மா கிடக்கும் மனை எல்லாம் சேரும். குடும்பத்தினர் ஊருக்குப் போனால் தங்குவதற்கென்றே வைத்திருக்கும் வீடு சேராது. உடுத்தி அணிகிற நகையும் சேராது, கவலை வேண்டாம். ஒரு லட்சம் என்பது ஆளுக்கு ஆள் தனித்தனி வரம்பு. நாட்டுக்கு வந்த முதல் வருடத்துக்கு இந்தப் படிவம் தேவையில்லை, உங்கள் விஷயத்தில் 2023-லிருந்து பாருங்கள். தாமதித்தால் நாளுக்கு 25 டாலர், அதிகபட்சம் 2,500. வரியே இல்லாதவருக்கும் இந்த அபராதம் உண்டு என்பதால்தான் சொல்கிறேன்.

அப்புறம் யாரும் வாயைத் திறந்து கேட்காத விஷயம். மற்றவர்களுடைய குழந்தைகள் இரண்டு பேரை வீட்டில் பார்த்துக்கொள்கிறார், வார இறுதியில் இட்லி மாவும் சாப்பாடும் செய்து கொடுக்கிறார், பிளவுஸ் தைக்கிறார், எல்லாம் கையில் காசாக, அல்லது வங்கி வழி இ-டிரான்ஸ்ஃபராக. இது சுயதொழில் வருமானம். செலவு போக 3,500 டாலருக்கு மேல் நின்றால் சிபிபி கட்ட வேண்டும், அதனால் தாக்கல் கடமையாகிறது. அதற்குக் கீழே நின்றாலும் ‘பூஜ்யம்’ என்று எழுத முடியாது. இ-டிரான்ஸ்ஃபராக வாங்கிய பணம் வங்கிக் கணக்கில் வரிசையாகக் கிடக்கும்போது பூஜ்யம் என்று எழுதுவது எனக்குப் புரியாத துணிச்சல். பெரிய தொகை சில வருடம் விட்டுப்போயிருந்தால் தானாக முன்வந்து சொல்லும் திட்டம் ஒன்று சிஆர்ஏவில் இருக்கிறது. அதற்கு மட்டும் ஒரு நல்ல கணக்கரிடம் போங்கள்.

இவையெல்லாம் இல்லை, உண்மையிலேயே எங்கும் எதுவும் இல்லை, பூஜ்யம் பூஜ்யம்தான் என்கிறீர்களா? அப்படியானால் சட்டப்படி அவருக்குக் கடமை இல்லை, சிஆர்ஏ கேட்டுக் கடிதம் போட்டிருந்தால் தவிர. வீடு மாறியபோது பழைய முகவரிக்குப் போன கடிதங்கள் உண்டு, அதனால் அவர் பெயரில் மை அக்கவுன்ட் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். கடமை இல்லாவிட்டாலும் பூஜ்ய ரிட்டர்ன் போடச் சொல்வேன். பெரிய காரணம் உங்கள் குழந்தை. சைல்ட் பெனிபிட் (குழந்தை வளர்ப்புக்கு அரசு தரும் உதவித்தொகை) கணவன் மனைவி இருவருடைய வருமானத்தையும் பார்த்துக் கணக்கிடுவது, அது தொடர்ந்து வர இருவரும் ஒவ்வொரு வருடமும் தாக்கல் செய்ய வேண்டும். அம்மாவும் குழந்தையும் ஒரே வீட்டில் இருந்தால் அம்மாதான் முதன்மைப் பராமரிப்பாளர் என்று எடுத்துக்கொண்டு, பணத்தை அவர் பெயருக்கே தருவார்கள். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையிலான சுற்றில் ஆறு வயதுக்குக் கீழ் ஒரு குழந்தைக்கு வருடத்துக்கு 7,997 டாலர் வரை. குடும்ப வருமானம் 37,487 டாலரைத் தாண்டத் தாண்ட அது குறையும். ‘மனைவிக்கு வேலை இல்லை, எதற்கு ஃபைல்’ என்று சும்மா இருந்த குடும்பங்கள் இழந்திருக்கும் பணம் கொஞ்ச நஞ்சமல்ல. உங்களுக்கு இதுவரை அது வந்ததா, வந்து நின்றுபோனதா என்று நீங்கள் எழுதவில்லை. வரவில்லையென்றால் கெட்டுப்போகவில்லை, பத்து ஆண்டு வரை பின்னோக்கிக் கேட்கலாம். புதிதாக வந்தவர்கள் விண்ணப்பத்தோடு, நாட்டுக்கு வருவதற்கு முந்தைய வருமானத்தைச் சொல்லும் இணைப்பையும் நிரப்ப வேண்டும். பதினொரு மாதத்துக்கு மேல் தாமதமென்றால் குழந்தை உங்களோடுதான் இருந்தது என்பதற்குச் சான்றும் கேட்பார்கள்.

சைல்ட் பெனிபிட்டுக்கு வரி இல்லை, அது மனைவியின் வருமானமாகவும் சேராது. ஆகவே அவர் கணக்கில் மாதாமாதம் அந்தப் பணம் விழுவதால் பூஜ்யம் மாறிவிடாது. இதைப் பலர் கேட்கிறார்கள்.

ஒன்டாரியோவில் டிரில்லியம் பெனிபிட் என்ற மாகாண உதவித்தொகை இருக்கிறது, விற்பனை வரியை ஓரளவு ஈடுகட்டும் ஜிஎஸ்டி கிரெடிட் இருக்கிறது. இரண்டும் தம்பதியில் ஒருவருக்குத்தான் வரும். அவர் பெயரிலும் ரிட்டர்ன் போனால் அவருடைய டிஎஃப்எஸ்ஏ (வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) வரம்பை சிஆர்ஏ பதிவில் பார்த்துக்கொள்ளவும் வசதி. வேலை இல்லாதவருக்கும், வந்த வருடத்திலிருந்து அந்த வரம்பு வருடா வருடம் சேரும். இதெல்லாம் கூடுதல் பலன்.

இனி எப்படிப் போடுவது. 2022-ல் தொடங்கி வரிசையாக 2023, 2024, 2025. கட்ட வேண்டிய வரி இல்லாததால் தாமத அபராதமும் இல்லை. அபராதம் என்பது பாக்கித் தொகையில் 5 சதவீதம், பிறகு மாதத்துக்கு ஒன்று என்று போவது, பூஜ்யத்தில் அதெல்லாம் பூஜ்யம். பழைய வருடங்களையும் நெட்ஃபைல் (இணையவழித் தாக்கல்) மென்பொருளில் அனுப்ப முடியும். ஆனால் அவரைப் பற்றிய பிறந்த தேதி, முகவரி விவரம் சிஆர்ஏவிடம் சரியாக இல்லாவிட்டால் முதல் ரிட்டர்னை மென்பொருள் ஏற்காமல் திருப்பும். அப்போது அச்சடித்துக் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்ப வேண்டியதுதான், அது பல வாரம் இழுக்கும். இணையத்தில் போனால் பொதுவாக இரண்டு வாரத்துக்குள் நோட்டீஸ் ஆஃப் அசெஸ்மென்ட் (ரிட்டர்னைப் பார்த்து முடித்ததாக சிஆர்ஏ அனுப்பும் அறிவிப்பு) வந்துவிடும். ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி கடைசி வரை நெட்ஃபைலை மூடிவைத்திருப்பார்கள். அந்த நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இலவசமாகத் தாக்கல் செய்து தரும் தன்னார்வலர் முகாம்கள் சிஆர்ஏ துணையோடு நடக்கின்றன. எளிய ரிட்டர்னுக்கு அதுவே போதும். ஆனால் நிலம் விற்றது, சுயதொழில் மாதிரி விஷயங்களை அங்கே எடுக்க மாட்டார்கள்.

2022 ரிட்டர்னில் நாட்டுக்கு வந்த தேதியைக் கேட்கும். அந்த ஒரு வருடத்துக்கு மட்டும்தான் அதை நிரப்ப வேண்டும். உங்கள் ரிட்டர்னில் என்ன தேதி போட்டீர்களோ, பிஆர் தாளில் என்ன தேதி இருக்கிறதோ, குடியுரிமைக்கு நாள் கணக்கிடும்போது என்ன தேதி போடப் போகிறீர்களோ, மூன்றும் ஒத்திருக்க வேண்டும். வந்த வருடத்தில் கழிவு நாள் கணக்கில்தான் கிடைக்கும் என்பதையும் உங்கள் பழைய ரிட்டர்னில் பார்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை 122 நாள். 2022-ன் அடிப்படைக் கழிவு 14,398 டாலரை 365-ஆல் வகுத்து 122-ஆல் பெருக்கினால் சுமார் 4,812 வரும். ஆகஸ்ட் வரை ஊரில் சம்பளம் வாங்கியிருந்தால் உங்களுக்கு அதுதான் அளவு, மனைவிக்காக எடுத்த கழிவுக்கும் அதே விகிதம். முழு 14,398 போட்டிருந்தால் திருத்துங்கள். மனைவிக்கு எப்படிப் பார்த்தாலும் வரி இல்லை என்பதால் அவர் பக்கம் இது பெரிதாக எதையும் மாற்றாது.

இன்னொரு பெட்டி இருக்கிறது, ரிட்டர்னின் முன்பக்கங்களிலேயே. எலெக்‌ஷன்ஸ் கனடா பகுதி. ‘நீங்கள் கனடியக் குடிமகனா’ என்று கேட்டு, ஆம் என்றால் வாக்காளர் பதிவேட்டுக்குத் தகவல் தர அனுமதி கேட்கும். மென்பொருளில் வேகமாக ‘ஆம், ஆம்’ என்று தட்டிக்கொண்டு போகிறவர்கள் இங்கேயும் ஆம் போட்டுவிடுகிறார்கள். பிஆர் ஆக இருப்பவர் இங்கே ‘இல்லை’ என்றுதான் போட வேண்டும். குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கப்போகிறவர், ஏற்கெனவே குடிமகன் என்று அரசிடம் சொல்லி வாக்காளர் பட்டியலிலும் ஏறிவிட்டால் அதை விளக்கிக்கொண்டிருக்கும் நிலை வரும். கணக்கர் போட்டுக் கொடுத்தாலும் இந்தப் பெட்டியை மட்டும் உங்கள் கண்ணால் பாருங்கள். உங்கள் பழைய ரிட்டர்ன்களிலும் பாருங்கள்.

திருமண நிலையும் அப்படித்தான். கல்யாணம் ஆனவர், மனைவி இன்னும் ஊரில் இருக்கிறார் என்பதற்காக ‘தனியாள்’ என்று போட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். ஜிஎஸ்டி பணம் கொஞ்சம் கூட வரும் என்பார்கள். ஸ்பான்சர் படிவத்தில் 2020-ல் திருமணம், வரிப் படிவத்தில் 2023 வரை தனியாள் என்று இருந்தால் எதை நம்புவது? மனைவி எந்த நாட்டில் இருந்தாலும் திருமணமானவர் திருமணமானவர்தான். உங்களுக்கு இது பொருந்தாது, படிக்கிற வேறு யாருக்காவது பொருந்தும்.

எல்லாம் தாக்கலாகி நோட்டீஸ் வந்த பிறகு குடியுரிமைப் படிவத்துக்கு வருவோம். முந்தைய ஐந்து வரி ஆண்டுகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி கேட்கிறார்கள்: தாக்கல் செய்ய வேண்டிய கடமை இருந்ததா, தாக்கல் செய்தீர்களா. 2026-ல் விண்ணப்பித்தால் 2021-லிருந்து 2025 வரை. 2021-ல் உங்கள் மனைவி கனடாவில் இல்லை, இங்கிருந்து வருமானமும் இல்லை, ஆகவே கடமை இல்லை, தாக்கலும் இல்லை. பூஜ்யமாக இருந்த வருடங்களுக்குக் கடமை ‘இல்லை’, தாக்கல் ‘ஆம்’. இப்படி எழுதினால் முரண்பாடாகத் தெரியுமோ என்று பயந்து இரண்டிலும் ஆம் போட வேண்டாம், இதுதான் நேரான பதில். நிலம் விற்றதாகச் சொன்ன உதாரணத்தில் மட்டும் 2024-க்கு இரண்டும் ஆம். தாமதமாகத் தாக்கல் செய்ததை நினைத்தும் கவலை வேண்டாம். விண்ணப்பத் தேதிக்கு முன் கடமை நிறைவேறியிருக்கிறதா என்பதே கேள்வி. கையெழுத்திட்டு அனுப்பிவிட்டு அப்புறம் ரிட்டர்ன் போடும் வேலையைத்தான் செய்யக் கூடாது. நோட்டீஸ்களைப் பத்திரமாக வையுங்கள், அதிகாரி பிரதி கேட்கலாம்.

பிரசவத்துக்கோ பெற்றோரைப் பார்க்கவோ மனைவி ஊருக்குப் போய் ஏழெட்டு மாதம் இருந்திருந்தால், அந்த நாட்கள் குடியுரிமைக்கான 1,095-ல் கழியும். வரிக்கு அப்படி இல்லை. கணவர், வீடு, சாமான், ஹெல்த் கார்டு எல்லாம் டொரொன்டோவில் இருக்கும்போது அவர் அந்த மாதங்களிலும் கனடாவின் வரி வாசிதான், அதாவது வரிக் கணக்குப்படி இங்கே வசிப்பவர்தான். ஊரில் இருந்தபோது வந்த வட்டியும் இங்கே கணக்கில் வரும். இரண்டு துறையும் இரண்டு விதமாக எண்ணுகின்றன, ஒன்றைப் பார்த்து மற்றதை முடிவு செய்ய முடியாது.

அகதிக் கோரிக்கை வழியாகவோ வேலை, படிப்பு அனுமதியிலோ வந்து பின்னர் பிஆர் ஆனவர்களுக்கு ஒரு குறிப்பு. பிஆர் ஆவதற்கு முன் முறையான தற்காலிக அனுமதியிலோ, அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்ட பிறகோ இங்கே இருந்த நாட்கள் அரை நாளாக, 365 வரை, குடியுரிமைக்குச் சேரும். அந்த வருடங்களும் வரிக் கேள்வியின் ஐந்து ஆண்டுக்குள் வரலாம். வரி வாசி ஆவதற்கு பிஆர் தேவையில்லை, இங்கே வாழ ஆரம்பித்ததே போதும். அப்போது 9-ல் தொடங்கும் தற்காலிக சின் நம்பர் இருந்திருக்கும், பிறகு புதியது வந்திருக்கும். இரண்டையும் இணைத்துவிடும்படி சிஆர்ஏவுக்குப் போன் செய்து சொல்லாவிட்டால், பழைய நம்பரில் போட்ட ரிட்டர்ன் புதிய நம்பரில் தெரியாமல் போகும். படிவத்தில் தாக்கல் செய்தேன் என்று எழுதியிருப்பார், அவர்கள் பார்க்கும்போது பதிவு இருக்காது.

கடைசியாக, போன் என்று சொன்னதால். மனைவியின் ரிட்டர்ன் பற்றி நீங்கள் கூப்பிட்டால் சிஆர்ஏ உங்களிடம் பேசாது. அவரே பேச வேண்டும், அல்லது தன் மை அக்கவுன்ட்டில் உங்களைப் பிரதிநிதியாக அனுமதிக்க வேண்டும். கணவர் மின்னஞ்சலில் மனைவி பெயரில் கணக்குத் திறந்து கடவுச்சொல்லையும் கணவரே வைத்துக்கொள்வது நம் வீடுகளில் சாதாரணம். அதைவிட அவரையே உட்கார வைத்து, அவருடைய போனில், அவருடைய மின்னஞ்சலில் திறக்கச் சொல்லுங்கள். நாலு வருட ரிட்டர்னையும் அவரே ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். குடியுரிமை அதிகாரி நேர்காணலுக்குக் கூப்பிட்டு ‘2023-ல் தாக்கல் செய்தீர்களா’ என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.